காதுக்காரர் பார்க்கப்போன கார்

மற்ற மெக்கானிக்குகள் வண்டியைக் கண்ணால் பார்ப்பார்கள். இவர் காதால் பார்ப்பார். அதனால்தான் அவருக்குக் காதுக்காரர் என்று பெயர். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே, கையிலிருக்கும் டீயைக் கீழே வைக்காமல், "வாட்டர் பம்ப் போச்சு" என்பார். போயிருக்கும். பட்டறைக்கு வருகிறவர்கள் வியாதியைச் சொல்ல வாயெடுத்தால், "நீங்க சும்மா இருங்க, அது சொல்லட்டும்" என்று வண்டியைக் காட்டுவார். அப்படி ஒரு திமிர். திமிருக்கு ஏற்ற காதும் இருந்தது.

அந்தக் காது போய் இரண்டு வருடம் ஆகிறது. விஷயம் உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒன்று காதுக்காரர். இன்னொன்று அவர் வீட்டம்மா.

ஒரேயடியாகப் போகவில்லை. முதலில் மெல்லிய சத்தங்கள் போயின, அப்புறம் பேச்சும் போனது. முகத்துக்கு நேராக நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் பிடித்துக்கொள்வார். முதுகுப்பக்கம் நின்று பேசினால் சுவரோடு பேசுவது போலத்தான். முட்டிவலி என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, தன்னிடம் வேலை பார்த்தவரிடமே பட்டறையை ஒப்படைத்தார். ஊரும் நம்பியது. நம்பிக்கை கெடாமலிருக்கக் கொஞ்சம் நொண்டியும் காட்டினார். என்ன, ஒரு நாள் இடது கால் நொண்டும், மறுநாள் வலது கால் நொண்டும். அடுத்தவர் காலைக் கவனிக்கிற அளவுக்கு யாரும் வேலைவெட்டி இல்லாமல் இருக்கவில்லை, பிழைத்தார்.

மிச்சத்தையெல்லாம் வீட்டம்மா பார்த்துக்கொண்டாள். யாராவது ஏதாவது கேட்டால், அதையே கொஞ்சம் மாற்றி அவர் முகத்துக்கு எதிரே சொல்லுவாள். "பாருங்க, மூட்டு இப்ப எப்படி இருக்குன்னு கேக்கறாரு" என்பாள். அவர் உடனே பிடித்துக்கொண்டு பதில் சொல்லிவிடுவார். போன் வந்தால், "அவரு குளிக்கிறாரே" என்பாள். அந்த இரண்டு வருடத்தில் அவர் குளித்த குளியலுக்கு ஓர் ஏரியே வற்றியிருக்க வேண்டும்.

உள்ளதைச் சொன்னால், வீட்டம்மாவுக்கு இது பிடித்தும் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் காது ஊராருடைய இஞ்சினுக்குத்தான் சொந்தம். இப்போதுதான் மனிதர் எதற்கெடுத்தாலும் அவள் முகத்தைப் பார்க்கிறார். டாக்டரிடம் போகலாம், காதுக்கு மெஷின் வைக்கலாம் என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். அவர் முறைத்தார். மூன்றாவது தரம் அவள் சொல்லவில்லை. சொல்லாததற்கு அவர் முறைப்பு மட்டும்தான் காரணமா என்று கேட்டால், அவளுக்கே நெஞ்சைத் தொட்டுப் பதில் சொல்ல முடியாது.

அவர்களுக்கு ஒரே மகள். பாப்பா என்றுதான் இன்னமும் கூப்பிடுகிறார்கள், வயது முப்பதைத் தாண்டியாயிற்று. பிசியோதெரபிஸ்ட். மலைக்கு மேலே இருக்கும் ஆஸ்பத்திரியில் புதிதாக வேலை கிடைத்திருந்தது. விடியுமுன் கிளம்பி இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். திரும்பும்போது கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால், ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்க வேண்டியதுதான். அப்படி ஏற்கெனவே தூங்கியும் இருக்கிறாள். போன வருடம்தான் வயிற்றில் ஐந்து மாதத்துப் பிள்ளையைப் பறிகொடுத்தவள், உடம்பு இன்னும் தேறவில்லை. கையிலிருக்கும் சேமிப்புக்கு ஒரு பழைய கார் கிடைத்தது. ஆனால் அது மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய கார்.

"எல்லாரும் பயமுறுத்துறாங்கம்மா," என்றாள் போனில். "அப்பா ஒரு தடவை கேட்டுட்டுச் சரின்னு சொல்லிட்டா போதும். நான் கண்ணை மூடிட்டு வாங்கிடுவேன்."

குரலில் ஒட்டுதல் இல்லை. கடைக்காரரிடம் சாமான் கேட்கிற மாதிரிதான் இருந்தது. போன வருடத்திலிருந்தே அப்படித்தான். முன்னெல்லாம் மாதம் ஒரு தரம் வந்து இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகிறவள், இப்போது வந்தால் செருப்பைக்கூட ஓரமாக வைப்பதில்லை. துக்கம் ஆறவில்லை, வேலையும் அதிகம் என்று வீட்டம்மா தனக்குத்தானே சமாதானம் சொல்லிவந்தாள்.

விஷயத்தைக் காதுக்காரரிடம் சொன்னாள். வரேன்னு சொல்லு என்றார் அவர். எப்படி என்று கேட்டாள். கையை விரித்துக் காட்டினார். முப்பது வருடம் இஞ்சினைத் தொட்ட கை, தொட்டாலே தெரியும் என்றார். அவள் நம்பினாளா என்றால், நம்ப ஆசைப்பட்டாள். மகளிடம் மாட்டேன் என்று சொல்லும் மனிதரை எந்த முகத்தோடு பார்ப்பது?

கார் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைக்கடி வண்டி நிறுத்துமிடத்தில், தண்ணீர்த் தொட்டி மோட்டாருக்குப் பக்கத்தில் நின்றிருந்தது. சொந்தக்காரர் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. இந்த ஊர் டாக்டர்களைக் காலையிலும் அடுத்த ஊர் டாக்டர்களை மாலையிலும் பார்த்தே வண்டியை இவ்வளவு ஓட்டியிருந்தார். கம்பெனி புது வண்டி கொடுத்துவிட்டதால் இதை விற்கிறாராம். ஆயில் மாற்றியதற்கெல்லாம் ரசீது வைத்திருந்தார். ஒளிவுமறைவு தெரிந்த முகமில்லை. மகளோடு வந்திருந்த மாப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நல்ல பிள்ளை. தரையில் மண்டியிட்டு நாலு டயரையும் தடவிப் பார்த்துவிட்டு, முழங்காலில் கரியோடு எழுந்து, "இதுக்கு மேல எனக்குத் தெரியாது. நீங்க பாருங்க மாமா" என்று ஒதுங்கிக்கொண்டார்.

காதுக்காரர் போனட்டைத் திறந்தார். வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். இஞ்சின் மேல் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, பழையபடியே தலையைக் கொஞ்சம் சாய்த்தார்.  காது கேட்காதவர் காதைச் சாய்ப்பதைப் பார்க்க வீட்டம்மாவால் முடியவில்லை. ஆனால் சத்தத்தில் குறை ஒன்றும் இல்லை. ஆறிக் கிடந்த இஞ்சின் ஒழுங்காகத்தான் உறுமியது. அவள் கொஞ்சம் மூச்சு விட்டாள்.

அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். பட்டறைக்கு மேல்மாடியில்தான் அவர்கள் குடியிருப்பு. பிள்ளைக்குப் பால் கொடுத்ததும் துணி மடித்ததும் அந்த இஞ்சின்களுக்கு மேலேதான். ராத்திரி சாப்பிட உட்கார்ந்தால் மனிதர் அன்றைக்கு வந்த சத்தங்களைத்தான் பேசுவார், அதுவும் அவளுக்குப் புரியட்டும் என்று வீட்டுச் சாமான்களை வைத்தே பேசுவார். மேலே வால்வுப் பக்கம் லூசாக இருந்தால் தையல் மெஷின் சத்தம். தகடு ஆடினால் டம்ளரில் கரண்டி. கீழே பேரிங் தேய்ந்திருந்தால் யாரோ உள்ளிருந்து கதவைத் தட்டுகிற சத்தம். அவள் உம் கொட்டிக்கொண்டே பரிமாறுவாள். இது மண்டையில் ஏறுகிறது என்று அவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. கீழேயிருந்து வரும் சத்தத்துக்குத் தானாகவே பேர் வைக்க ஆரம்பித்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. அதை அவரிடம் சொன்னதில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு காதுக்காரர் போதும் என்று விட்டுவிட்டாள்.

ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார்கள். மாப்பிள்ளை ஓட்டினார், காதுக்காரர் பக்கத்தில், அம்மாவும் மகளும் பின்னால். சமதரையில் வண்டி நன்றாகத்தான் போனது. மேம்பாலத்து ஏற்றத்தில் மாப்பிள்ளை அழுத்தி மிதித்தபோது, காலடியிலிருந்து வந்தது. டொக், டொக், டொக். அவசரமில்லாத, கனமான தட்டல்.

மாப்பிள்ளைக்கும் கேட்டுவிட்டது. ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "மாமா, ஒரு மாதிரி சத்தம் வருதே, பழைய வண்டின்னா இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டார்.

காதுக்காரர் ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கணம் காருக்குள் பதிலே இல்லை. அந்த ஒரு கணத்தில், இரண்டு வருடப் பழக்கம் வீட்டம்மாவின் வாயைத் தானே திறந்தது.

"அவரு கேட்டுட்டுத்தான் இருக்காரு மாப்பிள்ளை. ஏதாவது இருந்தா சொல்லுவாரு."

சொன்ன பிறகுதான் தான் செய்த காரியம் உறைத்தது. சும்மா இருந்திருந்தாலாவது கேள்வி கேள்வியாகவே நின்றிருக்கும். இப்போது அவளே பதில் சொல்லி முத்திரையும் குத்திவிட்டாள்.

திரும்பி வந்து வண்டியை நிறுத்தினார்கள். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. காதுக்காரர் மறுபடி கையை வைத்தார். பக்கத்தில் தண்ணீர் மோட்டார் வேறு தரையையே அதிரவைத்துக்கொண்டிருந்தது. கைக்கு என்ன தெரிந்திருக்கும்? நிமிர்ந்து, துணியில் கையைத் துடைத்து, மகளைப் பார்த்து, "நல்லா இருக்கு, வாங்கலாம்" என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு மகள் சிரித்தாள். மாப்பிள்ளை அட்வான்ஸ் அனுப்பப் போனை எடுத்தார்.

இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்களே, வீட்டம்மா அப்போது அதுதான். வாயைத் திறந்தால் கட்டிய புருஷனின் மானம் போகும், அதுவும் மாப்பிள்ளை எதிரில். மூடிக்கொண்டிருந்தால் பாப்பா இந்த வண்டியில் தினமும் மலையேறுவாள். தனியாக, இருட்டில். ஆளில்லாத வளைவில், நின்றுபோன வண்டியோடு நிற்கும் மகளை அவள் நினைத்துப் பார்த்தாள். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

"மாப்பிள்ளை, பணம் அனுப்பாதீங்க. வண்டியில சத்தம் இருக்கு."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். எல்லோரும் பார்ப்பதைப் பார்த்துக் காதுக்காரரும் திரும்பினார். என்ன என்று புருவத்தைத் தூக்கினார். அவள் அவர் முகத்துக்கு நேராகத் திரும்பி இன்னொரு தரம் சொன்னாள். அவர் முகம் சிவந்தது.

"உனக்கென்ன தெரியும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க," என்றாள் அவள். "ஆனா கேக்குது."

கல்யாணமானதிலிருந்து அவள் அவரை எத்தனையோ சொல்லியிருக்கிறாள், திட்டியிருக்கிறாள். இதைப்போல ஒன்றைச் சொன்னதில்லை.  மகள் அவருக்குப் பின்னாலிருந்து, "அப்பா, உங்களுக்குக் கேக்கலையா?" என்றாள். அவர் திரும்பவில்லை. "அப்பா," என்று இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள். அப்போதும் திரும்பவில்லை. வீட்டம்மா வழக்கம்போல எடுத்துச் சொல்லவில்லை, கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகள் அம்மாவைப் பார்த்தாள், அப்பாவின் முதுகைப் பார்த்தாள். அவ்வளவுதான், அவளுக்கு விளங்கிவிட்டது.

காதுக்காரர் கோபித்துக்கொண்டு நடையைக் கட்டுவார் என்றுதான் வீட்டம்மா நினைத்தாள். அவர் கிட்டே வந்து, அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்.

"என்ன மாதிரி கேக்குது? தையல் மெஷினா?"

"இல்ல."

"கரண்டியா?"

"அதுவும் இல்ல. கதவு."

அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். எத்தனை வருடமாகச் சுவரிடம் பேசுவதாக நினைத்திருந்தாரோ. மருந்துக்காரரை உள்ளே உட்கார்ந்து ஆக்சிலரேட்டரை மிதிக்கச் சொன்னார். வீட்டம்மா போனட்டுக்குள் தலையை நீட்டினாள். மிதித்தால் அதிகமாகிறதா என்று கேட்டார். ஆகிறது என்றாள். காலை எடுத்தால்? இரண்டு மூன்று தட்டு தட்டிவிட்டு அடங்குகிறது என்றாள். மேலேயா கீழேயா? கீழே, ரொம்பக் கீழே. முதலில் ஸ்டார்ட் பண்ணியபோது இருந்ததா? இல்லை, சூடான பிறகுதான். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். வண்டியை அணைக்கச் சொன்னார்.

"மாப்பிள்ளை, மூணு லட்சம் ஓடினதுக்காக நான் வேண்டாம்னு சொல்லல. உள்ளே சரியா இருந்தா இன்னும் மூணு லட்சம் ஓடும். இது இஞ்சின் அடியில இருக்கற கிராங்க் பேரிங், தேஞ்சுபோச்சு. ஏதாவது ஒரு ஏத்தத்துல இஞ்சின் அப்படியே பிடிச்சுக்கிட்டு நின்னுடும்." கொஞ்சம் நிறுத்தி, "எனக்கு இது கேக்கல. காது போய் ரெண்டு வருஷமாச்சு," என்றார்.

மருந்துக்காரர்தான் பாவம், வெலவெலத்துப் போனார். எப்போதும் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டே ஓட்டுவேன், சத்தியமாகத் தெரியாது என்றார். பொய் மாதிரி இல்லை. விலையைக் குறைத்துத் தருவதாகவும் சொன்னார். மாப்பிள்ளை அவர் மனம் நோகாமல் மறுத்துவிட்டு எல்லோரையும் வெளியே கூட்டிவந்தார். மாமாவின் காதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முன்னால் போய், பஸ் வருகிறதா என்று வராத பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பஸ் ஸ்டாப் பெஞ்சில் காதுக்காரர் ஓர் ஓரமாக உட்கார்ந்துகொண்டார். மகள் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு வருடமா, என்னிடம்கூடவா மறைத்தாய் என்று கேட்டாள். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்றாள் வீட்டம்மா. அப்பாவுக்குப் பிடிக்காவிட்டால் நீயும் மறைத்துவிடுவாயா என்றாள் மகள். கார் போன ஏமாற்றமும் சேர்ந்து வாயில் வந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவள், பேச்சின் நடுவே சட்டென்று நிறுத்திவிட்டாள். முகம் வெளுத்துப்போனது.

"அப்ப அன்னைக்கு... போன்லயும் அப்பாவுக்குக் கேக்கலையா?"

"என்னைக்கு?"

"பிள்ளை போய் ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த மறுவாரம். நீ கடைக்குப் போயிருந்தபோல. அப்பாதான் எடுத்தாரு. எனக்கு இங்க இருக்க முடியலப்பா, கொஞ்ச நாள் அங்க வந்து இருக்கட்டுமான்னு கேட்டேன். அதெல்லாம் வேண்டாம்மா, நாங்க நல்லாத்தான் இருக்கோம், நீ உன் வேலையப் பாருன்னு சொல்லி வச்சிட்டாரு."

 அந்த வாக்கியத்தை அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே வீட்டம்மாதான். நான் இல்லாதபோது போன் வந்தால் எடுங்கள், எடுக்காவிட்டால் பயந்துவிடுவார்கள், யாராக இருந்தாலும் ஏதாவது வேண்டுமா என்றுதான் கேட்பார்கள், இப்படிச் சொல்லி வைத்துவிடுங்கள் என்று அவளே பாடம் பண்ணிக் கொடுத்தது. அவரும் ஒரு சொல் மாறாமல் ஒப்பித்திருக்கிறார். துக்கம், வேலை என்றெல்லாம் அவள் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்ட சமாதானம் அத்தனையும் பொய். பெற்ற பிள்ளைக்குத் தாய்வீட்டுக் கதவைத் தானே சாத்தியிருக்கிறாள். அழுகை வந்தது. அழ நேரமில்லை என்று அடக்கிக்கொண்டாள்.

மகள் அழுவதைக் காதுக்காரர் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். வழக்கம்போல வீட்டம்மா முகத்தைப் பார்த்து, "என்ன சொல்றா?" என்றார்.

நாலு வார்த்தையில் சொல்லிவிடலாம். இரண்டு வருடமாக அதுதானே வேலை. வீட்டம்மா தலையை ஆட்டினாள்.

"நான் சொல்ல மாட்டேன். பாப்பா, அப்பா முன்னாடி வந்து நீயே சொல்லு."

மகள் அப்பாவின் எதிரே வந்து நின்றாள். அன்றைக்குப் போனில் கேட்டதை நிறுத்தி நிறுத்தி இன்னொரு தரம் கேட்டாள். அவர் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும், "நான் என்ன சொன்னேன்?" என்று கேட்டார். அதையும் சொன்னாள்.

 அவர் மகளுடைய தோள்பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, "நீங்க வீட்டுக்குப் போங்க. இவ எங்ககூட வர்றா. இருக்கறவரைக்கும் இருக்கட்டும்," என்றார். மாப்பிள்ளை சரி மாமா என்று தலையாட்டினார்.

மகள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தூரத்தில் வரும் பஸ்ஸைப் பார்த்தபடி, "நாளைக்கு வேலை இருக்குப்பா. காலையில சீக்கிரம் போகணும்," என்றாள்.

காதுக்காரர் வீட்டம்மா பக்கம் திரும்பவில்லை.

"எனக்குக் கேக்கல," என்றார். "இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லும்மா."

மகள் திரும்பினாள். அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"உங்ககூடவே வரேன்பா," என்றாள்.